சொல்லாடல் ஆய்வுக் கருத்தரங்கில் பேசப் போகிறீர்களா?
பேச்சிலும் எழுத்திலும் மொழி எப்படிப் பயன்படுகிறது என்று ஆராயும் இத்தகைய கருத்தரங்குகளில் ஒருவருக்குப் பொதுவாக 15, 20 நிமிடம்தான் கிடைக்கும். அதில் பாதியைக் கோட்பாட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். இத்துறையின் முக்கியச் சிந்தனையாளரான ஃபூக்கோ யாரென்று அந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். எந்த மரபில் நின்று ஆராய்கிறீர்கள் என்று ஒரு வரியில் சொன்னால் போதும்.

நீங்கள் ஆராயும் பேட்டியிலிருந்து பத்துப் பதினைந்து வரிகளை மட்டும் எடுத்து, வரி எண் போட்டு, அச்செடுத்துக் கொடுங்கள். திரையில் ஓடி மறையும் வரியை வைத்துக் கேள்வி கேட்பது கஷ்டம். கையில் தாள் இருந்தால் "7ஆம் வரியில் ஏன் தயங்குகிறார்?" என்று கேட்பார்கள். கட்டுரையைத் திருத்த உதவுவது அந்த மாதிரிக் கேள்விதான். பேச்சின் மௌனம், அழுத்தம் போன்றவற்றை எழுத்தில் காட்டும் ஜெஃபர்சன் குறியீடுகள் இருந்தால் தாளின் அடியில் சின்ன விளக்கம் சேருங்கள்: அடைப்புக்குள் 0.5 என்றால் அரை நொடி மௌனம்.

அப்புறம், பேட்டி தந்தவரின் பெயர் மட்டுமல்ல, ஊர், வேலையிடம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத்தான் அச்சிட வேண்டும். கொடுத்த தாள் எங்கெங்கோ போகும்.