வீட்டு அறையில் முகப்படம்: குடையா, சாஃப்ட்பாக்ஸா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வீட்டிலேயே சின்னதாக ஸ்டுடியோ போட நினைக்கிற தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, "அண்ணா, குடை வாங்கட்டுமா, சாஃப்ட்பாக்ஸ் வாங்கட்டுமா?" என்றுதான். குடை என்றால் ஃப்ளாஷ் முன் விரிக்கும் வெள்ளை அல்லது வெள்ளித் துணிக் குடை. சாஃப்ட்பாக்ஸ் என்றால் ஃப்ளாஷைச் சுற்றி மாட்டும், முன்பக்கம் வெள்ளைத் துணி வைத்த பெட்டி. இரண்டும் வெளிச்சத்தை மென்மையாக்கத்தான். நான் திருப்பிக் கேட்பது, "உன் அறைச் சுவர் என்ன நிறம்?" இந்தப் பக்கத்து வீடுகளில் பச்சை, ரோஸ், நீலம் என்று அழுத்தமாகப் பெயின்ட் அடித்திருப்போம். தரையோ சிவப்புக் காவி. ஃப்ளாஷ் வெளிச்சம் அதிலெல்லாம் பட்டுத் திரும்பும்போது அந்த நிறத்தையும் கன்னத்தில் பூசிவிடும். அதனால் அறையை நன்றாகப் பார்த்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

முதல் படி: உயரத்தை அளந்து பாருங்கள்

கான்கிரீட் கூரை 10 அடி உயரம் என்றால், நடுவில் ஃபேன் சுமார் 9 அடியில் சுற்றும். நிற்பவரின் முகத்துக்குக் கொஞ்சம் மேலிருந்து வெளிச்சம் வர, லைட்டின் நடுப்பகுதி 7 அடியில் நிற்க வேண்டும். அதில் 120 செ.மீ. ஆக்டாபாக்ஸ் (எட்டுப் பக்கம் உள்ள சாஃப்ட்பாக்ஸ்) மாட்டினால் மேல் விளிம்பு சரியாக ஃபேன் இறக்கைக்குப் போய் நிற்கும். ஆளை ஸ்டூலில் உட்கார வையுங்கள். உட்கார்ந்தவரின் கண் ஏறக்குறைய 4 அடியில் இருக்கும். லைட்டை ஐந்தரை அடிக்கு ஏற்றினால் போதும், ஃபேனும் தப்பிக்கும்.

இரண்டாம் படி: சுவரைப் பாருங்கள்

சுவரும் கூரையும் வெள்ளை என்றால் தயங்காமல் குடை வாங்குங்கள். விலை குறைவு, விரிப்பது எளிது. குடை வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். அது வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி நிழல்களை இதமாக நிரப்பும். சுவர் நிறமாக இருந்தால் அதே சிதறல் தொல்லை. அப்போது சாஃப்ட்பாக்ஸ்தான் சரி. பக்கங்களைக் கருப்புத் துணி மூடியிருப்பதால் வெளிச்சம் முன்பக்கமாக மட்டும் போகும்.

குடை ஏற்கெனவே கையில் இருக்கிறதா? முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சுவரில் ஒரு கருப்பு வேட்டியைத் தொங்கவிடுங்கள். மலைக்கு மாலை போடுகிறவர் இருக்கிற வீட்டில் அது கட்டாயம் இருக்கும். அந்தப் பக்கத்து நிறம் அடங்கிவிடும், கன்னத்தில் ஒரு அழகான நிழலும் விழும்.

மூன்றாம் படி: அளவும் தூரமும்

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முகம் இருக்கிற இடத்திலிருந்து பார்க்கும்போது லைட் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அவ்வளவு மென்மையாக நிழல் விழும். இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். முகம் வரும் உயரத்தில் பளபளப்பான எவர்சில்வர் சொம்பு ஒன்றை வையுங்கள். பக்கத்தில் ஒரு சாஃப்ட்பாக்ஸை நிறுத்தி, மாடலிங் லைட்டை (ஃப்ளாஷில் தொடர்ந்து எரியும் சிறு விளக்கு) போடுங்கள். சொம்பின் வயிற்றில் ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். லைட்டை அருகில் நகர்த்த நகர்த்தத் திட்டு விரியும், பின்னுக்கு இழுக்க இழுக்கப் பொட்டாகச் சுருங்கும். திட்டு விரிந்திருக்கும்போது மூக்கின் நிழல் ஓரம் கரைந்து போகும். சுருங்கினால் கத்தியால் வெட்டியதுபோல் விழும். 120 செ.மீ. பாக்ஸை வாங்கி அறையின் மறுகோடியில் நிறுத்துவதைவிட, 60 செ.மீ. பாக்ஸை முகத்துக்குப் பக்கத்தில் வைப்பது மேல்.

எவ்வளவு பக்கத்தில்? பாக்ஸின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் தொடங்குங்கள். தூரத்தை இரட்டிப்பாக்கினால் முகத்தில் விழும் வெளிச்சம் கால் பங்காகக் குறையும். அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 100 இருந்தால் 400 ஆக்க வேண்டியிருக்கும்.

ஒருவர் படத்துக்கு 90 செ.மீ. ஆக்டாபாக்ஸ் அல்லது 43 அங்குலக் குடை தாராளம். மூன்று நான்கு பேர் சேர்ந்து நின்றால் 60 அங்குலக் குடை வேண்டும்.

நான்காம் படி: உள்ளே வெள்ளையா, வெள்ளியா?

வெள்ளைதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் நெற்றியும் மூக்கும் சீக்கிரம் மினுங்க ஆரம்பிக்கும். வெள்ளிக் குடை அந்த மினுக்கத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கூட்டிக் காட்டும். கருத்த முகத்தில், பெரிய வெள்ளைத் துணியின் பிரதிபலிப்பு கன்ன எலும்பில் அகலமாக, பட்டுப்போல் படியும். அந்த அழகு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கருத்த முகத்தை எப்படியாவது வெளுப்பாக்க வேண்டும் என்று ஃப்ளாஷைக் கூட்டாதீர்கள்.

ஓணத்துக்கு வெளிர் நிறக் கசவுச் சேலை கட்டி வருகிறவர்களிடம் வேறு சிக்கல். சேலை வெளுத்துப் பறக்கும், முகம் மங்கும். பாக்ஸைக் கீழ்நோக்கிச் சாய்க்காமல் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்புங்கள். அதன் கீழ் ஓரத்து வெளிச்சம் முகத்தில் விழும், சேலைக்குக் குறைவாகவே போகும்.

ஐந்தாம் படி: சோதனை

ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160, எஃப் (லென்ஸ் திறப்பு) 5.6 வைத்து ஒரு படம் எடுங்கள். படம் கிட்டத்தட்டக் கருப்பாக வர வேண்டும். வரவில்லை என்றால் ட்யூப்லைட்டை அணையுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். பிறகு ஃப்ளாஷைப் போடுங்கள். கேமரா மேல் மாட்டும் சிறு ஃப்ளாஷை பாக்ஸுக்குள் வைக்கிறவர்கள் அதன் ஜூமை 24 மி.மீ.யில் வையுங்கள், இல்லாவிட்டால் துணியின் நடுவில் மட்டும்தான் வெளிச்சம் விழும், வாங்கிய அளவு வீண்.

கண்ணாடி போட்டவர் என்றால் லைட்டை இன்னும் ஏற்றி, பக்கவாட்டில் நகர்த்துங்கள். கண்ணாடியில் தெரியும் வெள்ளைத் திட்டு விலகும்வரை நகர்த்தலாம்.

அடுத்து எதை வாங்குவது? பியூட்டி டிஷ், ஸ்னூட் என்று ஃப்ளாஷில் மாட்டும் மற்ற சாமான்கள் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். நிழல் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை பிடித்தால் போதும். பெயின்ட் அடித்த அறைக்காரர்கள் பாக்ஸின் முன்னால் மாட்டும் கிரிட் (கட்டம் கட்டமான கருப்புத் துணி வலை) ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கச் சிதறல் இன்னும் குறையும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் திண்ணையிலோ முற்றத்திலோ குடையை விரிப்பதாக இருந்தால், ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டி, ஒருவரைப் பிடித்துக்கொள்ளவும் சொல்லுங்கள். மழைக்காலத்தில் பாக்ஸை ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். துணியில் பூஞ்சைக் கறை பிடித்தால் போகாது.