மணிக்கூட்டுச் செயினில் கீறலா? வரி பார்த்துத் தேயுங்கள்

வன்னியின் செம்மண் புழுதியில் கலந்திருக்கும் மணல் ஸ்டீலைவிடக் கடினமானது. கிறவல் ரோட்டில் மோட்டார்ச் சைக்கிள் ஓடிவந்து மணிக்கூட்டைச் சேட்டு நுனியால் துடைத்தாலே செயின் பூட்டில் மயிர்க்கோடுகள் விழும். மினுங்காமல், ஒரே திசையில் மெல்லிய வரி போட்ட ஸ்டீலில் அவற்றை மறைப்பது சுலபம். வரிக்குக் குறுக்கே கிடக்கிற கோடுதான் கண்ணில் குத்தும்; அதன்மேல் பழைய வரி ஓடும் திசையிலேயே புது வரி இழுத்தால் கலந்துவிடும்.

முதலில் பின்மூடியைப் பாருங்கள். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று மட்டும் அடித்திருந்தால் மூடிதான் ஸ்டீல், மற்றது பெரும்பாலும் முலாம் பூசியது. முலாம், கறுப்புப் பூச்சு, தங்கப்பூச்சு எதையும் தேய்க்க வேண்டாம், பூச்சு உரிந்துவிடும். நகத்தால் தடவும்போது தட்டுப்படுகிற ஆழக் கீறலும் இந்த வேலைக்கு அடங்காது.

செயினைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷால் கழுவிக் காய விடுங்கள். புழுதியோடு தேய்த்தால் புதுக் கீறல்தான் மிச்சம். பளபளப்பான ஓரங்கள், கண்ணாடி எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப்பை இரண்டு தரம் ஒட்டுங்கள். டேப் விலகிப் பளபளப்பில் ஒரு கோடு விழுந்தால் அதை எடுக்கப் பொலிஷ் மெஷின் வேண்டும்.

சட்டி கழுவும் பச்சை ஸ்பொஞ்சின் சொரசொரப்பான பக்கத்தில், புதியதாக, இரண்டு விரல் அகலம் வெட்டுங்கள். பூட்டை மேசையில் தட்டையாக வைத்து, ஒரு நுனிக்கு வெளியே தொடங்கி மற்ற நுனிக்கு வெளியே போகும்வரை ஒரே இழுவை. தூக்கி, திரும்பவும் தொடங்கிய இடத்துக்கே வாருங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் கை திரும்பும் இடத்தில் வளைந்த கோடு விழும். கீறல் இருக்கிற இடத்தை மட்டும் தேய்த்தாலும் அது திட்டாகத் தெரியும். மெல்லிய அழுத்தத்தில் ஐந்தாறு இழுவை போதும். பிறகு சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இன்னும் தெரிந்தால் 600 நம்பர் வாட்டர் பேப்பரை அழிறப்பரில் சுற்றி மூன்று இழுவை, முடிவில் மறுபடி ஸ்பொஞ்ச். 1500, 2000 நம்பர் வாங்காதீர்கள், வரி அழிந்து மினுங்கத் தொடங்கும். பற்பசையும் அதையேதான் செய்யும்.

கண்ணாடியைச் சுற்றி வட்டமாக வரி ஓடினால் கையால் முயல வேண்டாம்.

கடைசியில் செயினை இன்னொருமுறை கழுவுங்கள். கண்ணிகளுக்குள் தங்கும் ஸ்டீல் தூள் ஊசிகளை அரித்து, செயினைத் தொய்ய வைக்கும்.