செம்மண்ணிலும் ஏரி வண்டலிலும் பயிருக்குக் கிட்டும் பாஸ்பரஸை அளத்தல்

பெங்களூரின் புறநகரில் நிலம் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் செம்மண்ணோடு ஏரி வண்டலைக் கலப்பதால், ஒரே தோட்டத்திலேயே களிமண்ணின் அளவு இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆகவே செம்மண் மிகுந்த பகுதி, வண்டல் மிகுந்த பகுதி ஆகிய இரண்டின் மாதிரிகளையும் ஒன்றாகக் கலக்காமல், 15 செ.மீ. ஆழம் வரை தனித்தனியே எடுத்து, நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலிக்க வேண்டும். ஈரமண்ணை விரல்களுக்கிடையே அழுத்தும்போது 5 செ.மீ.க்கு மேல் அறுபடாமல் நாடாவாக நீண்டால் அது களிமண்.

அடுத்து மண்ணின் கார அமில நிலையை (pH) பார்க்கவும். பாஸ்பரஸை மண்ணிலிருந்து கரைசலில் பிரித்தெடுத்து அளக்கும் முறையை அதுவே தீர்மானிக்கிறது. அமில மண்ணுக்கு பிரே முறையும், நடுநிலை அல்லது கார மண்ணுக்கு ஓல்சன் முறையும் பொருந்தும். இரண்டின் எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது வீண்.

ஓல்சன் முறையில், 2.5 கிராம் மண்ணுடன் கார அமில நிலை 8.5 உள்ள 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட் கரைசல் 50 மி.லி. சேர்த்து, 30 நிமிடம் குலுக்கி வடிகட்ட வேண்டும். வடிநீரில் அமிலத்தைச் சொட்டுச்சொட்டாகவே விடவும். அவசரப்பட்டால் நுரை பொங்கி வழிந்துவிடும். பிறகு மாலிப்டேட், அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தால் தோன்றும் நீலத்தை 882 நானோமீட்டரில் அளக்கலாம். கண்ணாடிக் கலன்களைச் சோப்புத்தூளில் கழுவக் கூடாது, அதிலுள்ள பாஸ்பேட் அளவைக் கெடுத்துவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமே போதும்.

எண் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல. களிமண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்வதால், சோதனை அளவை ஒரு படி உயர்த்த மணல் மண்ணைவிட அங்கே கூடுதல் உரம் தேவைப்படும்.