பெண்கள் கால்பந்துக் கழகம் தொடங்குவோர்க்கு: கன்னியாகுமரி மாவட்டத்திற்கான ஒரு வழிகாட்டி

பெண்கள் அணி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பந்தும் சீருடையும் வாங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். கடற்கரை ஊர் ஒன்றில் பதினெட்டுப் பெண் பிள்ளைகள் சேர்ந்தார்கள், ஊர்க் கமிட்டியினர் வாழ்த்திப் பேசினார்கள், புகைப்படமும் எடுத்தாயிற்று. ஆனால் மாலை ஐந்து மணி ஆனால் மைதானம் ஆண்களுக்கு என்பது எங்கும் எழுதப்படாத, எவரும் மீறாத வழக்கமாக இருந்தது. பெண்களுக்குக் கிடைத்தது மூன்றரை மணி வெயில்தான். அதுவும் பள்ளிப் பேருந்து தாமதிக்காத நாட்களில் மட்டும். ஏழாவது மாதத்தில் அணி கலைந்தது. பந்துகள் அலமாரியில் காற்றிறங்கிக் கிடந்தன. ஆகவே இந்த வழிகாட்டி மைதான நேரத்திலிருந்து தொடங்குகிறது.

உலக அளவிலும் பெண்கள் கால்பந்து சறுக்கியது இதே இடத்தில்தான். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில், பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் டிக் கெர் லேடீஸ் அணி செயின்ட் ஹெலன்ஸ் அணியோடு ஆடியதைக் காண சுமார் 53,000 பேர் திரண்டனர். ஓராண்டு நிறைவதற்குள், 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்று தீர்மானித்து, தன் உறுப்புக் கழகங்கள் தங்கள் மைதானங்களைப் பெண்களுக்கு விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டது. பெண்கள் பந்தைத் தொடக்கூடாது என்று அத்தீர்மானம் சொல்லவில்லை. ஆடும் இடத்தைத்தான் பூட்டியது. அந்தப் பூட்டைத் திறக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை இதைப் போன்ற தடை இருந்தது. பிரேசிலிலோ 1941 முதல் 1979 வரை அரசாணையாலேயே தடுத்து வைத்திருந்தார்கள். 2027 மகளிர் உலகக் கோப்பையை நடத்தும் பொறுப்பு அதே பிரேசிலிடம் வந்திருக்கிறது.

மைதானத்தை எழுத்தில் பெறுதல்

ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரையுள்ள கடற்கரை ஊர்களில் மைதானம் பெரும்பாலும் ஆலயத்தையோ ஆலயம் நடத்தும் பள்ளியையோ சார்ந்தது. உள்நாட்டில் அது பள்ளி, கல்லூரி அல்லது பஞ்சாயத்துக்கு உரியது. யாருக்கு உரியதோ அவர்களிடம் கேட்க வேண்டியது அனுமதி அன்று, தீர்மானம். பங்குத்தந்தை வாய்மொழியாகச் சம்மதித்தால் அது அவர் மாற்றலாகும் வரைக்கும்தான்; ஆலயத்தை நிர்வகிக்கும் பங்குப்பேரவையின் தீர்மானப் புத்தகத்தில் ஏறியது அடுத்தவர் வந்தாலும் நிற்கும். தீர்மானத்தில் கிழமையும் மணியும் இருக்கட்டும்: வாரத்தில் மூன்று நாள், மாலை 4.45 முதல் 6.15 வரை, முழு மைதானம் அல்லது எந்தப் பாதி என்பது வரை. ஊர்த் திருவிழாவுக்காகவோ ஆண்கள் போட்டிக்காகவோ மைதானம் எடுக்கப்பட்டால் மாற்று நாள் எப்போது என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். பின்னால் வரும் மனஸ்தாபங்களில் பாதி இந்த ஒரு வரியில் தீரும்.

ஆண்கள் அணியினரைப் பகைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்தில் கால்பந்து பல தலைமுறைகளாக ஊரின் பெருமையாக இருந்து வருவது. அவர்களுடைய மூத்த ஆட்டக்காரர்கள் இருவரைத் தொடக்கத்திலிருந்தே ஆலோசகர்களாக வைத்துக்கொண்டால், மைதான நேரத்தைக் காக்கப் பெண்கள் தனியாக வாதாட வேண்டியிராது.

நிர்வாகக் குழுவும் பதிவும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்க் கழகத்தைப் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். நான் 9 பேர் கொண்ட குழுவைப் பரிந்துரைக்கிறேன். அவர்களில் ஐவராவது பெண்களாகவும், அந்த ஐவரில் இருவர் ஆடுகிறவர்களாகவோ ஆடியவர்களாகவோ இருக்கட்டும். இது மரியாதைக்காக ஒதுக்கும் இடம் ஆகிவிடக் கூடாது. பெண்கள் பெயரளவில் உறுப்பினர்களாகி, கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுச் செல்லும் கழகங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பயிற்சி நேரம், பயணம், உடை மாற்றும் அறை ஆகியவை பற்றிய முடிவுகள் அவற்றால் பாதிக்கப்படாதவர்களால் எடுக்கப்பட்டன. ஆகவே செயலாளர், பொருளாளர் ஆகிய இரண்டில் ஒரு பொறுப்பு கட்டாயம் பெண்ணிடம் இருக்க வேண்டும் என்று துணைவிதியிலேயே எழுதுங்கள்.

மேல்மட்டத்திலும் இப்படி எழுதி வைத்த பிறகே இடம் கிடைத்தது. 1986-இல் மெக்சிகோ நகரில் நடந்த, உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் மாநாட்டில் நார்வே நாட்டுப் பிரதிநிதி எலன் வில்லே எழுந்து, பெண்கள் கால்பந்துக்கு உலகப் போட்டி வேண்டும் என்று பேசினார். 1991-இல் சீனாவில் 12 அணிகளோடு முதல் மகளிர் உலகக் கோப்பை நடந்தது. அப்போது ஆட்டத்தின் நேரம் 80 நிமிடங்கள்தான் என்பது இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். 2016-இல் ஃபிஃபா தன் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு கண்டக் கூட்டமைப்பிலிருந்தும் குறைந்தது ஒரு பெண் தன் நிர்வாகப் பேரவையில் இருக்க வேண்டும் என்றது. இந்தியாவில் 2025-இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், தேசியச் சம்மேளனங்களின் செயற்குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது, அவர்களில் குறைந்தது 4 பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. ஊர்க் கழகத்தை இந்தச் சட்டம் நேராகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் துணைவிதி எழுதும்போது எடுத்துக்காட்டுவதற்கு உதவும்.

பதிவு முடிந்ததும் மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் இணைய வேண்டும். அதன் மேலே தமிழ்நாடு கால்பந்துச் சங்கம், அதற்கு மேல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம், ஆசியக் கூட்டமைப்பு, இறுதியாக ஃபிஃபா என்று இந்த ஏணி நீள்கிறது. 'நமக்கு எதற்கு இவ்வளவு?' என்று ஊரில் கேட்பார்கள். அங்கீகாரம் பெற்ற போட்டியில் ஆடிய சான்றிதழ்தான் கல்லூரிச் சேர்க்கையிலும் அரசுப் பணியின் விளையாட்டு ஒதுக்கீட்டிலும் செல்லும் என்பதே பெற்றோரிடம் சொல்ல வேண்டிய நேரான பதில். கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனவர். அவர் பெயரைச் சொன்னதும் முகம் மாறிய தந்தைமார் சிலரை நான் அறிவேன்.

ஏணியின் உச்சியில் நடக்கும் தவறு அடிப்படிவரை இறங்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2022 ஆகஸ்ட் நடுவில், மூன்றாம் தரப்பின் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபிஃபா இந்தியச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. அந்த நேரத்தில் கோகுலம் கேரளா மகளிர் அணி ஆசியக் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் இறங்கியிருந்தது. தடை ஆகஸ்ட் 26 அன்று நீங்கிவிட்டது. ஆனால் அந்தப் பெண்கள் ஆடாமலேயே திரும்ப வேண்டியதாயிற்று. உங்கள் மாவட்டக் கழகத்தில் தேர்தல் முறையாக நடக்கிறதா, ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு வருகிறதா என்று கவனித்துக் கடிதம் எழுதுவதும் கழகச் செயலாளரின் வேலைகளுள் ஒன்று.

நாட்காட்டி

ஆட்டங்கள் இல்லாத அணி பயிற்சியில் எவ்வளவு சிறந்தாலும் நிலைக்காது. 1980-இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசிய மகளிர் போட்டியில் இரண்டாமிடம் பெற்ற நாடு நம்முடையது. அதே நாடு 2009-இல், நீண்ட காலம் சர்வதேச ஆட்டமே ஆடாததால், ஃபிஃபாவின் தரவரிசைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆகவே பயிற்சித் திட்டத்துக்கு முன்பே ஆண்டுக்கு 12 ஆட்டங்களின் தேதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

நம் மாவட்டத்தின் நாட்காட்டி தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போன்றதன்று. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கு பெய்யும். ஆகவே ஜூன், ஜூலை மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் முழு மைதான ஆட்டத்தை நம்ப முடியாது. நவம்பர் இறுதியில் கோட்டாறு சவேரியார் திருவிழா தொடங்கி டிசம்பர் 3 வரை நடக்கும். பிறகு கிறிஸ்துமஸ் வந்துவிடும். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. எனவே லீக் ஆட்டங்களுக்கு ஜனவரி 10 முதல் பிப்ரவரி இறுதி வரையும், பயிற்சி முகாமுக்கு ஏப்ரல் இறுதி முதல் மே முடியவும் ஒதுக்குவதே நடைமுறைக்கு ஒத்தது. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கும் தந்தைமார் வீட்டில் இருப்பது அப்போதுதான். பெற்றோர் கூட்டத்தை அந்த மாதங்களில், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வையுங்கள். மீன் விற்கப் போகும் தாய்மாருக்கும் வார நாட்களில் நேரம் இராது.

பிள்ளைகளின் பாதுகாப்பு

இந்தப் பகுதியை எவரும் விரும்பிப் படிப்பதில்லை; ஆனால் ஒரு புகாரைச் சரியாகக் கையாளாததாலேயே ஊர் முழுவதும் பெண் பிள்ளைகளை நிறுத்திவிட்ட கதைகள் உண்டு. 18 வயதுக்குட்பட்டவர் எவரும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இன் பாதுகாப்பில் வருகிறார். குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது பயிற்சியாளரும் நிர்வாகியும் உட்பட ஒவ்வொருவரின் சட்டக் கடமை, ஊரில் பேசி முடிப்பதற்கு அதில் இடமில்லை. பணியிடத்துப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், விளையாட்டரங்கையும் போட்டி நடக்கும் இடத்தையும் பணியிடம் என்றே வரையறுக்கிறது. பயணத்தில் ஒரு பெண் பொறுப்பாளர் உடன் செல்ல வேண்டும். பயிற்சியாளர் தனிப்பட்ட முறையில் நள்ளிரவில் வாட்ஸ்அப் செய்தி அனுப்பக் கூடாது. எல்லாத் தகவலும் பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டுமே போக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181 ஆகியவற்றை உடை மாற்றும் அறையின் கதவில் எழுதி வையுங்கள்.

உடலைப் பொறுத்தவரை, ஆட்டத்துக்கு முன் சுமார் 20 நிமிடம் செய்யும், காயங்களைத் தடுப்பதற்கான ஃபிஃபா 11+ பயிற்சியைப் பழக்குங்கள். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண்களிடம் அது பரிசோதிக்கப்பட்டபோது கடுமையான காயங்கள் கணிசமாகக் குறைந்தன. கடல் மணலில் ஓடிப் பழகிய கால்கள் உறுதியானவைதான்; அதையே நம்பித் திடலின் கெட்டித் தரையில் முழங்காலைத் திருப்பிக்கொண்ட பெண்களும் உண்டு.

சீருடையில் அடர்நிறக் கால்சட்டையைத் தேர்ந்தெடுங்கள். மாதவிடாய் நாட்களின் கவலை காரணமாக வீராங்கனைகள் கேட்டதற்கிணங்க, இங்கிலாந்து அணியே 2023 உலகக் கோப்பையில் வெள்ளைக் கால்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறியது. தலைமறைப்பு அணிய விரும்பும் பிள்ளைகளைத் தயக்கமின்றிச் சேருங்கள். 2014 முதல் ஆட்ட விதி அதை அனுமதிக்கிறது. அது கறுப்பாகவோ மேலாடையின் முதன்மை நிறத்திலோ இருக்க வேண்டும், சட்டையோடு தைக்கப்பட்டிருக்கக் கூடாது. தக்கலை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் இந்த ஒரு விவரம் தெரியாததால் வராமல் போனவர்கள் இருக்கக்கூடும். பந்து, 12 வயதுக்குட்பட்டோர்க்கு 4-ஆம் எண், பெரியவர்களுக்கு 5-ஆம் எண்.

பணக்கணக்கு

1921 தீர்மானத்தில் இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது: நன்கொடைக்காகத் திரட்டிய வசூலில் பெரும்பங்கு செலவு என்ற பெயரில் போகிறது என்பது அது. உண்மையோ பொய்யோ, பெண்கள் விளையாட்டை நிறுத்த விரும்புவோர் முதலில் தொடும் இடம் கணக்குப் புத்தகம்தான். ஆகவே இருவர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு, ஒவ்வொரு ரசீதுக்கும் எண், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவை ஆலயத்தின் அல்லது பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்ப முன்வருவார்கள். தனியார் கணக்கில் வாங்காதீர்கள். வெளிநாட்டுப் பங்களிப்புக்குத் தனிச் சட்டம் இருப்பதால், பெறுவதற்கு முன் ஒரு பட்டயக் கணக்காளரைக் கேட்டுவிடுவது நல்லது.

நான்கு கழகங்கள்

ஒரு கழகம் தனியாக வளர்வதில்லை. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்று திரும்பக்கூடிய நான்கு கழகங்கள் சேர்ந்தால் லீக் உருவாகும். உள்ளூரும் வெளியூருமாக கழகத்துக்கு ஆறு ஆட்டங்கள், லீக்கில் மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொரு கழகமும் சுவரில் ஒட்டிய பன்னிரண்டில் மீதி ஆறு தேதிகளை நட்பு ஆட்டங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். மதுரையின் சேது எஃப்.சி. 2018–19-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது போன்ற உயரத்தைப் பற்றி இப்போதே பேச வேண்டியதில்லை. முதல் ஆண்டில் அணிக்கு எழுவர், 25 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள் போதும். நடுவராக, முடிந்தவரை, முன்னாள் ஆட்டக்காரப் பெண்களையே பயிற்றுவியுங்கள். திண்டுக்கல்லின் ரூபா தேவி ஃபிஃபா நடுவர் பட்டியல் வரை சென்றிருக்கிறார்.

நான்கு செயலாளர்களும் முதல் கூட்டத்தில் ஒப்புக்கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. ஓர் ஊரில் திருமணமோ இறப்போ நேர்ந்தால் அணியில் ஐந்து பேர்தான் வருவார்கள். இது உறுதியாக நடக்கும். அப்போது ஆட்டத்தை ரத்து செய்யாமல், எதிரணி இருவரைக் கடன் கொடுத்து ஆட வேண்டும். புள்ளிகள் முழு அணியோடு வந்தவர்களுக்கு. முடிவுத்தாளில் இரு அணித்தலைவிகளும் நடுவரும் கையெழுத்திட்டு, அன்றிரவு எட்டு மணிக்குள் லீக் செயலாளருக்கு அதன் படத்தை அனுப்பிவிட வேண்டும்.