ரூம்மேட்டோடு பழகுவது எப்படி: ஆகன் நகரிலிருந்து ஒரு தூத்துக்குடிக்காரி

ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து ஆகன் நகருக்கு வரப்போகிறவர்கள் என்னிடம் முதலில் குளிரைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்தது பகுதிநேர வேலை. ரூம்மேட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வந்து இறங்கிய பிறகு ஒரு நாள் ராத்திரி போன் வரும்: "அக்கா, பக்கத்து ரூம் பொண்ணு முகம் கொடுத்துப் பேசவே மாட்டேங்கிறா. நான் என்ன பண்ணேன்?" பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் பண்ணியிருக்க மாட்டார்கள். பாத்ரூம் தரையை ஈரமாக விட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

இங்கே ரூம்மேட் என்றால் ஒரே அறையில் இரண்டு கட்டில் என்று நினைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு அறை. சமையலறை, பாத்ரூம் பொது. இந்த ஏற்பாட்டுக்கு 'வேகே' என்று பெயர். மாணவர் விடுதிகளிலும் இப்படித்தான், வெளியே வாடகை வீட்டிலும் இப்படித்தான். கதவைச் சாத்திக்கொண்டால் ஒரு செமஸ்டர் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஓட்டிவிடலாம். ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் முதல் மாதம் தோழமைக்காக ஏங்க வேண்டாம். சமையலறையிலும் பாத்ரூமிலும் "இவள் சொன்னால் செய்வாள்" என்ற பெயரை எடுங்கள். ஜெர்மன்காரர்களிடம் மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

கிளம்பும் முன்

ரூம்மேட்டுக்கு என்ன வாங்கி வரலாம்? எங்கள் ஊர் மக்ரூனைத்தான் சொல்ல ஆசை, ஆனால் விமானத்திலிருந்து இறங்கும்போது தூளாகத்தான் இருக்கும். கோவில்பட்டி கடலைமிட்டாய் தாங்கும். ஆனால் கொடுக்கும் முன் "உனக்குக் கடலை ஒத்துக்குமா?" என்று கேட்டுவிடுங்கள், கடலை, முந்திரி ஒவ்வாமை உள்ளவர்கள் இங்கே உண்டு. பால்கோவாவும் நெய்யும் வேண்டாம். பால், இறைச்சிப் பொருட்களை வெளிநாட்டிலிருந்து பெட்டியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. மிக்ஸி கொண்டுவரலாம், இங்கேயும் 230 வோல்ட்தான். பிளக் மட்டும் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். குக்கர் வாங்கும்போது அடிப்பகுதி தட்டையாக, இண்டக்‌ஷனுக்கும் ஏற்றதாக இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகவே ஆகாது.

முதல் இரண்டு வாரம்: காகித வேலை

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். இதுதான் 'ஆன்மெல்டுங்'. வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் அது நடக்காது, எனவே சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைத்தால் மாதாமாதம் 992 யூரோ வரும் முடக்கக் கணக்கு, மருத்துவக் காப்பீடு எல்லாம் விசா வாங்கும்போதே உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும், அதற்குள் நான் போகவில்லை.

தபால்பெட்டியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். உங்கள் பெயர் அதில் ஒட்டப்படவில்லை என்றால் கடிதம் வராது, திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை ஒரு கடிதத்தில், அதன் ரகசிய எண் இன்னொரு கடிதத்தில், வரி எண் வேறொன்றில் என்று இந்த நாடே தபாலில்தான் ஓடுகிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தால் அதையும் சேர்த்தே ஒட்டுங்கள்.

ரூம்மேட்டிடம் முதல் பேச்சைத் தொடங்க நல்ல சாக்கும் இதுதான். "சும்மா பேசலாமா?" என்றால் அவர்கள் திகைப்பார்கள். "இந்தக் கடிதத்தில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறாயா?" என்று நீட்டினால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி முதலில் வரும் கடிதங்களில் ஒன்று வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்துக்கானது. மாதம் 18.36 யூரோ. ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். ஏற்கெனவே ரூம்மேட் கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை வாங்கிப் பதில் போட்டுவிட்டு, உங்கள் பங்கை அவரிடம் கொடுங்கள்.

பாத்ரூம்

நம் ஊர் பாத்ரூம் தரையில் தண்ணீர் போக வழி இருக்கும். இங்கே பெரும்பாலும் இருக்காது. குளிக்கும் தொட்டிக்கோ கண்ணாடித் தடுப்புக்கோ உள்ளேதான் தண்ணீர் நிற்க வேண்டும். வெளியே சிந்தினால் அது தரைக்கடியில் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் தெரியும். வாளி, மக் பழக்கத்தை விட முடியாதவர்கள் தடுப்புக்குள்ளேயே வைத்துக் குளியுங்கள். முடித்ததும் தரையையும் கண்ணாடியையும் ரப்பர் வைப்பரால் ஒரு இழு இழுத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

நீள முடிக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. குழாய் வாயில் சிக்கிய முடியை அன்றன்றைக்கே எடுத்துக் குப்பையில் போடுங்கள். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்து அதோடு சேர்ந்துகொண்டால் அடைப்பு நிச்சயம். யார் முடி என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை, வீட்டிலேயே கறுப்பு முடி உங்களுக்கு மட்டும்தான்.

குளிர்காலத்தில் ஜன்னலை ஏன் திறக்க வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். சுவரில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கத்தான். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஹீட்டரை அணைத்துவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விட்டு மூட வேண்டும். நாள் முழுக்க லேசாகச் சாய்த்து வைப்பது தப்பு; சுவர் குளிர்ந்து அங்கேதான் பூஞ்சணம் வரும். அறையைக் காலி செய்யும்போது முன்பணத்தில் அதற்கும் பிடிப்பார்கள்.

சமையலறை

சண்டையும் சமாதானமும் இங்கேதான். வந்த வாரமே மூன்று விஷயம் கேளுங்கள்: ஃபிரிட்ஜில் என் தட்டு எது, பொதுவில் வாங்கும் பொருள் என்னென்ன, சுத்தம் செய்யும் முறைப்பட்டியலில் என் வாரம் எப்போது. அந்தப் பட்டியல் சுவரில் தொங்கும். உங்கள் வாரத்தில் தேர்வு இருந்தால் முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்ளலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள். சொல்லாமல் விட்டால்தான் கோபம்.

தாளிப்பைப் பற்றி. கடுகு வெடிப்பதும் வரமிளகாய் கமறுவதும் நமக்குப் பசியைக் கிளப்பும், அவர்களுக்கு இருமலைக் கிளப்பும். சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, புகைப்போக்கியைப் போட்டுவிட்டு எண்ணெயைக் காய வையுங்கள். கதவு திறந்திருந்தால் நடைபாதையில் இருக்கும் புகை எச்சரிக்கை மணி அலறும். மற்றபடி பெருங்காய வாசத்துக்காகக் கூனிக் குறுகத் தேவையில்லை. ஊர் நடுவே எலிசென்புருன்னனில் கந்தக வெந்நீர் ஊற்று அழுகிய முட்டை வாடையோடு ஓடுகிறது; அதைப் பெருமையாகச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிற ஊர் இது. கருவாட்டை மட்டும் ரூம்மேட் வெளியூர் போகும் வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக்காரி நானே சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குக்கரை முதல்முறை வைக்கும் முன், "இது விசில் அடிக்கும், வெடிக்காது" என்று சொல்லிவிடுங்கள். பிரஷர் குக்கரை அவர்களுக்குத் தெரியும், ஆனால் விசில் அடித்து வீட்டையே எழுப்பும் குக்கரைத் தெரியாது. இட்லி மாவு அக்டோபருக்குப் பிறகு வெளியில் வைத்தால் பொங்காது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க வையுங்கள், காலையில் பொங்கியிருக்கும். ஓவன் கதவில் "உள்ளே மாவு, சூடாக்க வேண்டாம்" என்று சீட்டு ஒட்ட மறக்காதீர்கள், யாராவது பீட்சாவுக்காக 220 டிகிரியில் திருகிவிடுவார்கள். மாவு அரைப்பதை இரவு 10 மணிக்கு முன் முடித்துவிடுங்கள். 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஞாயிறு முழுக்கவே அமைதி நாள். அன்றைக்குக் கண்ணாடிப் பாட்டிலைக் கூடத் தெருத்தொட்டியில் போடப் போகாதீர்கள், உடையும் சத்தத்துக்கே ஜன்னல்கள் திறக்கும்.

குப்பைக்கு ஒரு தனிப் பாடத்திட்டமே வைக்கலாம். கறிவேப்பிலைக் காம்பு, வெங்காயத்தோல் எல்லாம் மக்கும் குப்பைக்கு. பால் வரும் அட்டை டப்பா, பிளாஸ்டிக் உறை மஞ்சள் நிறக் குப்பைக்கு. அட்டைப் பெட்டி காகிதத்துக்கு. ஊறுகாய் பாட்டில் வெளியே வெள்ளை, பழுப்பு, பச்சை என்று நிறவாரியாக. சந்தேகம் வந்தால் ரூம்மேட்டைக் கேளுங்கள். ஒரு ஜெர்மன்காரரை மகிழ்விக்க இதைவிட மலிவான வழி கிடையாது. 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களையும் கேன்களையும் மட்டும் குப்பையில் போடாமல் ஒரு மூலையில் சேர்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் காசில்தான் டாய்லெட் பேப்பரும் பாத்திரம் கழுவும் திரவமும் வருகின்றன.

பேச்சு வார்த்தை

"கொஞ்சம் சாப்பிடுகிறாயா?" என்று அவர்கள் கேட்டால் முதல் தடவையே "சரி" என்று சொல்லிவிடுங்கள். நம் வழக்கப்படி மரியாதைக்கு "வேண்டாம் வேண்டாம்" என்றால் "சரி, வேண்டாமாம்" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதேபோல் அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மூன்று தடவை வற்புறுத்தித் தட்டில் தோசையைப் போட்டால் பாசமாகத் தெரியாது, தொந்தரவாகத் தெரியும்.

குறையையும் நேராகச் சொல்வார்கள். "நேற்று அடுப்பைத் துடைக்கவில்லை, துடைத்துவிடு" என்பார்கள். நீங்கள் துடைத்ததும் அந்த விஷயம் அங்கேயே முடிந்தது. மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், நீங்களும் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குக் குறை இருந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர்களாகப் புரிந்துகொள்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். புரியாது. உங்களுக்கு 80 சென்ட் தர வேண்டியிருந்தால் 80 சென்ட்டையும் அனுப்பிவிடுவார்கள். நம்மை அந்நியமாக நினைக்கிறாளே என்று வருத்தப்பட வேண்டியதில்லை, அம்மாவிடம் வாங்கினாலும் அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

அம்மா என்றதும் ஞாபகம் வருகிறது. வீடியோ காலை உங்கள் அறைக்குள் ஹெட்போனோடு வைத்துக்கொள்ளுங்கள். நாம் சாதாரணமாகப் பேசுவதே அவர்கள் காதுக்குச் சண்டை மாதிரி கேட்கும். ஊர் நேரம் கோடையில் மூன்றரை மணி, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நாலரை மணி முன்னால் இருக்கும் என்பதால் சாயங்காலம் பேசிவிடுவதே வீட்டிலுள்ளவர்களுக்கும் நல்லது.

சேர்ந்து எங்காவது போக வேண்டும் என்றால் நாள், மணி சொல்லிக் கேளுங்கள். "ஒரு நாள் தோசை சுடலாம்" என்பது காற்றோடு போகும். "அடுத்த வியாழன் ஏழு மணிக்குத் தோசை, வருகிறாயா?" என்றால் நாட்குறிப்பில் ஏறும், ஏழுக்குக் கதவு தட்டப்படும்.

என் ரூம்மேட் வடகடலோரம் இருக்கும் ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்துக்காரி. அந்தப் பகுதியில் காபியைவிட டீக்குத்தான் மரியாதை. கோப்பையில் முதலில் கற்கண்டைப் போட்டு, மேலே கொதிக்கும் கறுப்பு டீயை ஊற்றுவார்கள். கற்கண்டு படபடவென்று வெடிக்கும். பிறகு ஓரமாகக் கொஞ்சம் கிரீம். கலக்கவே கூடாது. மூன்று கோப்பை குடிப்பது முறை, போதும் என்றால் ஸ்பூனைக் கோப்பைக்குள் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடும் நாட்டுக்குள் இப்படி ஒரு மூலை! நான் உடன்குடி பனங்கற்கண்டைக் கொடுத்தேன். அது நிறத்திலும் மணத்திலும் அவளுடைய பாட்டியை அதிர்ச்சிக்குள்ளாக்கும் என்று சொல்லிக்கொண்டே மூன்று கோப்பை குடித்தாள். உங்கள் ரூம்மேட் எந்த ஊர், அங்கே என்ன சாப்பிடுவார்கள் என்று கேளுங்கள். "ஜெர்மன் சாப்பாடு எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் பேச்சு நகராது.

நாள் கிழமை

பிறந்தநாள் வாழ்த்தை ஒரு மணி நேரம் முன்னால்கூடச் சொல்லிவிடாதீர்கள், கெட்ட சகுனம். கேக்கைப் பிறந்தநாள்காரரே கொண்டுவருவார், உங்கள் பிறந்தநாளுக்கு நீங்கள்தான். டிசம்பர் 5 இரவு அவர் அறைக்கு வெளியே இருக்கும் ஷூவுக்குள் கொஞ்சம் சாக்லேட், ஒரு ஆரஞ்சு போட்டுவையுங்கள். மறுநாள் நிக்கோலாஸ் தினம், சின்னப் பிள்ளையாகக் குதிப்பார். டிசம்பர் 24 மதியத்தோடு கடைகள் மூடும், 25, 26 இரண்டு நாளும் திறக்காது, விடுதியும் காலியாகிவிடும். அரிசி, பருப்பு வாங்கி வைத்துக்கொண்டு உங்களைப் போலத் தங்கிவிட்ட மற்ற வெளிநாட்டு மாணவர்களை முன்பே பேசி வையுங்கள். பிப்ரவரி வாக்கில் கார்னிவல் வரும்போது வேஷம் போடக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். தேர்வு இருக்கிறது என்று எல்லாருமே சொல்லிக்கொண்டுதான் போகிறார்கள்.

இவ்வளவு செய்தும் ஒத்துவராத ரூம்மேட் உண்டு. சுத்தமும் அமைதியும் இருந்தால் வணக்கம் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டலாம், அது தோல்வியில்லை. தூங்க முடியாத அளவுக்குத் தொல்லை என்றால் விடுதி நிர்வாகத்திடம் அறை மாற்றம் கேட்டு எழுதிக் கொடுங்கள், காத்திருக்க வேண்டியிருக்கும். நட்பைப் பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புகளில் தேடுங்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு தொடங்கும் அன்றே முந்திக்கொள்ளுங்கள்.

ஒத்துவந்த ரூம்மேட் என்றால் கோடை தொடக்கத்தில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஈழத்தமிழர்கள் எழுப்பிய கோபுரக் கோயில், 2002-இல் குடமுழுக்கு நடந்தது. ஆகனிலிருந்து ஆர்இ 1 ரயில் மாறாமல் ஹம் வரை போகும், மாணவர் பயணச்சீட்டே போதும். அங்கிருந்து கோயில் இருக்கும் ஊன்ட்ரோப்புக்குப் பஸ். தேர் நாளில் கூட்டம் நெருக்கும் என்பதையும், செருப்பைக் கழற்றிவிட்டுச் சூடான தரையில் நடக்க வேண்டியிருக்கும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முன்கூட்டித் தெரிந்தால் அவர்களுக்கு எதுவும் சிரமமில்லை.