பயணப் படத்தின் பின்புறம்: எடுப்பதற்கும் எழுதிவைப்பதற்கும் சில வழிகள்

எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. யாழ்ப்பாணப் புகையிரத நிலைய மேடையில் அம்மம்மா ஒரு தகரப் பெட்டியின்மேல் கைவைத்தபடி நிற்கிறார். அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கும் ஆறேழு வயதுச் சிறுவன் ஒருவன் பக்கத்தில் நிற்கிறான். அந்தச் சிறுவன் யார் என்று இன்று எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. இதற்கு அலட்சியத்தைக் காரணம் சொல்ல முடியாது. அம்மப்பா ஒவ்வொரு படத்தையும் அல்பத்தின் கறுப்புத் தாளில் மூலைகளைச் செருகி ஒட்டி, கீழே வெள்ளை மையால் ஊர், நாள், பெயர் எல்லாம் எழுதிவைத்திருந்தார். 1995 ஒக்டோபர் 30 அன்று, போர் நெருங்கியதால் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி இரவோடிரவாக நடந்தபோது, காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த பைக்குள் அல்பம் அடங்கவில்லை. அம்மா படங்களை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு அல்பத்தை மேசைமேல் விட்டுவந்தார். படங்கள் தப்பின, பெயர்கள் வீட்டோடு போயின.

பயணப் படம் எடுப்பது பற்றி யாரேனும் என்னிடம் வழி கேட்டால், எந்தக் கைத்தொலைபேசி நல்லது என்ற பேச்சுக்கு முன்னரே இந்தக் கதையைச் சொல்லிவிடுவது என் வழக்கம். இந்த வேலையில் பாதி கமராவோடு முடிகிறது. மறுபாதியை அன்றிரவு பேனாவோடு செய்யவேண்டியிருக்கிறது. இரண்டையும் எனக்குப் பழகிய முறையில், யாழ்ப்பாணத்து இடங்களையே உதாரணமாக வைத்து எழுதுகிறேன்.

வெளிச்சத்தை முதலில் கணக்கிடுங்கள்

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர்கள் அடிக்கடி ஏமாறுவது மாலை வெயிலில்தான். அங்கே கோடைகாலத்துப் பொன்வெயில் வெகுநேரம் சாய்ந்து கிடக்கும். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கேயுள்ள எங்கள் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கீழிறங்குவதால், படத்துக்கு உகந்த மஞ்சள் வெளிச்சம் அரைமணி நேரத்துக்கு மேல் தங்குவதில்லை. பண்ணைக் கடலில் சூரியன் மறைவதைப் படமெடுக்க விரும்புபவர் 5 மணிக்கே அங்கு போய், ஒரு சரை கச்சானைக் கொறித்துக்கொண்டே, யாரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று முடிவுசெய்துவிட வேண்டும். ‘இன்னும் நேரமிருக்கிறது’ என்று கோட்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் மிஞ்சுவது இருட்டுத்தான்.

நண்பகல் இன்னும் மோசம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நடுப்பகற் சூரியன் எங்கள் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. நிழல் காலடியில் சுருண்டுவிடும், கண்குழிகள் கறுக்கும், மூக்கின் நிழல் பெண்களுக்கும் மீசை வரைந்துவிடும். பல ஆண்டுகளில் நல்லூர்த் திருவிழாவும் அந்த ஓகஸ்ட் நாட்களோடு சேர்ந்துவருவதால், வீதியில் நின்று குடும்பப் படம் எடுக்க விரும்புவோர் காலைப் பூசையை ஒட்டியோ மாலையிலோ எடுப்பது நல்லது. அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. வெயில் தெறிக்கும் மணலும் வெள்ளை வேட்டிகளும் படத்தை நிறைக்கும்போது, கமரா அதை அளவுக்கு மிஞ்சிய வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு படம் முழுவதையும் மங்கலாக்கும், முகங்கள் கறுத்துப்போகும். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் குவியமும் வெளிச்ச அளவும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேல்நோக்கி இழுத்து வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டலாம். கடற்கரையில் இதற்கு நேர்மாறாக, வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால்தான் மேகத்தின் நிறம் படத்தில் தங்கும்.

புகையிரதத்திலிருந்து எடுப்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: பூட்டிய யன்னல் என்றால் கமராவைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் ஆனையிறவுக்குப் பதிலாக உங்கள் முகத்தின் நிழல்தான் படத்தில் விழும்.

தருணத்துக்குக் காத்திருங்கள்

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அங்குள்ள குதிரைகளையும் பெருக்கமரத்தையும் முருகைக்கல் வேலிகளையும் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டையும் எடுப்பார்கள். நானும் எடுத்தேன். அவற்றில் ஒன்றைக்கூட இன்று எவரும் கேட்டுப் பார்ப்பதில்லை. ஏனென்றால் அவற்றைவிட நல்ல படங்கள் ஏராளமாக ஏற்கெனவே இருக்கின்றன. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது, குறிகட்டுவான் இறங்குதுறைக்குத் திரும்பும் படகில் எடுத்த ஒரு சேவலின் படத்தை.

அந்தப் படகுப் பயணம் சுமார் ஒரு மணி நேரம். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலம் என்பதால் அலை தெறித்துக்கொண்டிருந்தது. எதிரே இருந்த ஐயா ஒருவர் கால்களுக்கிடையில் ஒரு கடகத்தை இடுக்கியிருந்தார். உள்ளே கால் கட்டிய சிவப்புச் சேவல் ஒன்று. கமராவைத் தூக்கி, படம் எடுக்கலாமா என்று சைகையால் கேட்டேன். “என்னை ஏன் தம்பி? சேவலை எடுங்கோ. நாளைக்கு அது இராது,” என்றார். படகே சிரித்தது. எடுத்த படத்தில் சேவலின் தலையும், அதன் முதுகில் அவர் வைத்திருந்த கையும், அந்தக் கையில் தழும்பேறிய பெருவிரலும் இருக்கின்றன. இடது மூலை முழுவதும் உப்புநீர் பட்டு வெளிறிப்போயிருக்கிறது. படகில் ஏறியதும் வில்லையைத் துடைக்க நான் மறந்ததன் விளைவு அது. ஈரம் காய்ந்து உப்புப் படிந்த பிறகு உலர்ந்த துணியால் தேய்த்தால் வில்லையில் கீறல் விழக்கூடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்மையான துணியால் ஒற்றியெடுத்துவிட்டுப் பிறகு துடைப்பதே முறை.

பழுதான அந்தப் படத்தை ஏன் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தால், அதை எடுப்பதற்கு முன் ஒரு பேச்சு நடந்திருக்கிறது என்பதுதான் எனக்குத் தோன்றும் காரணம். ஆகவே ஓர் இடத்தை அடைந்தவுடன் கமராவை எடுக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் வெறுமனே நின்று பாருங்கள், பேசுங்கள். எடுக்கத் தொடங்கினால் தூரத்திலிருந்து ஒன்று, ஆளளவில் ஒன்று, கையளவில் ஒன்று என மூன்று தூரங்களில் எடுங்கள். பெரும்பாலானோர் தவறவிடுவது மூன்றாவதைத்தான். தூரத்துப் படத்திலும் ஆள் இருப்பது நல்லது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வாடைக்காற்றில் ஏறும் பட்டத்தை வானத்தோடு மட்டும் எடுத்தால் அது கையகலத் தாள்போலத் தெரியும். கயிற்றை இழுத்துப் பிடித்துப் பின்னோக்கிச் சரியும் இளைஞர்களையும் சேர்த்து எடுத்தால்தான் அதன் பருமன் புரியும்.

சில வேளைகளில் தருணத்தை நாமே கேள்வி கேட்டு வரவழைக்கலாம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முன் அப்பாவை நிறுத்திப் படமெடுக்கும் பிள்ளைகளைப் பல முறை கண்டிருக்கிறேன். அவர் விறைத்து நிற்பார், பின்னால் வெள்ளைக் கட்டடம் தெரியும், அவ்வளவுதான். 1981 ஜூன் முதலாம் திகதிக்கு முன், சுமார் 97,000 நூல்கள் எரிந்துபோவதற்கு முன், அவர் அங்கிருந்து கடைசியாக எந்தப் புத்தகத்தை இரவல் எடுத்தார், சைக்கிளை எந்தப் பக்கம் நிறுத்துவார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் கையை நீட்டி ஓரிடத்தைக் காட்டுவார். அந்தக் கை நீளும் நொடிதான் உங்களுடைய படம்.

எடுக்கக்கூடாத இடங்களும் உண்டு. நல்லூர்க் கோயிலுக்குள் படமெடுக்க அனுமதியில்லை. கீரிமலையில் நீராடுபவர்களையும், இறந்தவர்களுக்குக் கிரியை செய்துகொண்டிருப்பவர்களையும் எடுப்பது, அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தகாத செயல். நயினாதீவு விகாரையில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுப்பதை அவமதிப்பாகவே கருதுவார்கள். படைமுகாம்களின் பக்கம் கமராவைத் திருப்பவேண்டாம். ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் ஒப்புதல் தேவை. சந்தையில் காய்ந்த பனங்கிழங்கான ஒடியலும் பனம்பழப் பினாட்டும் விற்கும் அம்மாவைப் படமெடுக்க விரும்பினால் முதலில் ஏதாவது வாங்குங்கள். வேண்டாம் என்று அவர் முகத்தைத் திருப்பினால் கமராவைத் தாழ்த்திவிட்டு வாங்கியதோடு நடையைக் கட்டுங்கள்.

அன்றிரவே எழுதவேண்டியவை

படம் எப்போது எடுக்கப்பட்டது, இடங்காட்டி இயங்கியிருந்தால் எங்கே எடுக்கப்பட்டது என்பவற்றைக் கைத்தொலைபேசியே படத்தின் கோப்புக்குள் பதிந்துவிடுகிறது. அது பதியாதவற்றை மட்டும் நீங்கள் எழுதினால் போதும். படத்தில் இருப்பவரின் பெயரை, அவரை வீட்டில் அழைக்கும் பெயரோடும் உறவுமுறையோடும் எழுதுங்கள். ‘மாமி’ என்று மட்டும் எழுதினால், முப்பது ஆண்டுகள் கழித்து அது யாருடைய மாமி என்று கேட்க ஆளிருக்காது. படத்துக்குச் சற்று முன்னும் பின்னும் நடந்ததை ஒரு வரியில் எழுதுங்கள். எவரேனும் ஏதேனும் சொல்லியிருந்தால், அதை உங்கள் நடைக்கு மாற்றாமல் அவர் சொன்னபடியே எழுதுங்கள். சேவல்காரர் சொன்னதை ‘அந்த முதியவர் தம்மைப் படமெடுக்க மறுத்தார்’ என்று நான் எழுதியிருந்தால் அந்த மனிதரே காணாமற்போயிருப்பார். கடைசியாக, படத்தில் விழாத ஒன்றை எழுதுங்கள்: டீசல் மணம், இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பேசியது, யார் வாந்தி எடுத்தார் என்பது.

இதை அன்றிரவே செய்யவேண்டும். மறுநாள் இன்னொரு ஊர், இன்னொரு நூறு படங்கள் என்று வந்தபின் ஒன்றன் கதை மற்றொன்றில் ஏறிவிடும். எழுதச் சோம்பலாக இருந்தால், கூட வந்தவர்கள் சாப்பாட்டு மேசையில் அன்றைய படங்களைப் பார்த்துப் பேசுவதைக் குரற்பதிவாக எடுத்துவையுங்கள். எங்கள் வீட்டில் பெரியம்மாவும் அம்மாவும் ஒரு படத்தைப் பார்த்து, அது எந்த ஆண்டு என்று அரைமணி நேரம் சண்டை பிடித்த பதிவு ஒன்று இருக்கிறது. ஆண்டு கடைசிவரை முடிவாகவில்லை, ஆனால் அந்தப் பதிவை நான் எதற்கும் ஈடாகக் கொடுக்கமாட்டேன்.

அதே இரவில் கழிக்கவும் வேண்டும். ஒரே காட்சியை பதினைந்து முறை எடுத்திருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழியுங்கள். தெளிவானதையே வைக்கவேண்டும் என்ற சட்டம் ஏதுமில்லை. கண்மூடிய படத்தில் பாட்டி சிரிக்கிறார், கண்திறந்த படத்தில் விறைத்திருக்கிறார் என்றால் கண்மூடியதை வையுங்கள்.

எழுத்தும் படமும் பிரியாதிருக்க

அம்மப்பாவின் வெள்ளை மை எழுத்துக்கு நேர்ந்தது இன்று வேறு வடிவில் நேர்கிறது. படச் செயலிகளில் ஒவ்வொரு படத்தின் கீழும் குறிப்பு எழுத இடமுண்டு. ஆனால் அங்கே எழுதுவது பல வேளைகளில் அந்தச் செயலிக்குள்ளேயே தங்கிவிடும், படத்தை இன்னொருவருக்கு அனுப்பும்போது கூடவே போகும் என்று நம்பக்கூடாது. வட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்குவதோடு, நாளும் இடமும் பற்றிய பதிவையும் இழந்துவிடுகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே போய்ச்சேரும். நான் செய்வது எளிய முறை: கோப்பின் பெயரையே ‘2019 நெடுந்தீவுப் படகு சேவல்’ என்பதுபோல் மாற்றிவிடுவேன். மூலக்கோப்பாக அனுப்பினால் அந்தப் பெயரும் படத்தோடு ஒட்டிக்கொண்டு போகும். பிரதியொன்று வீட்டிலும் இன்னொன்று வேறோர் ஊரில் உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். ஒரே வீட்டில் இரண்டு பிரதிகள் வைத்திருப்பது எங்கள் அனுபவத்தில் ஒரு பிரதி வைத்திருப்பதற்குச் சமம்.

ஒவ்வொரு பயணத்திலும் பத்துப் படங்களையாவது ஸ்ரூடியோவில் கொடுத்து அச்சிட்டு எடுங்கள். பசைத் தாளின்மேல் பிளாஸ்டிக் மூடி வரும் அல்பங்களைத் தவிருங்கள். காலப்போக்கில் பசை படத்தைப் பிடித்துக்கொள்ளும், உரித்தெடுக்க முடியாது. குறிப்பைப் படத்தின் பின்புறத்திலேயே, முகங்கள் இல்லாத ஓரமாக எழுதுங்கள். பழைய படங்களுக்கு மென்மையான பென்சில் போதும். குமிழ்முனைப் பேனாவை அழுத்தினால் எழுத்து முன்பக்கத்தில் புடைத்துத் தெரியும். இக்காலப் படங்களின் பின்புறம் வழுவழுப்பாக இருப்பதால் சாதாரணப் பென்சில் பிடிக்காது. அழியா மைப் பேனாவால் எழுதி, நன்கு காய்ந்தபின் அடுக்குங்கள். இன்னொரு பிரதியைப் படத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள். சேவல்காரரின் பெயரை அன்று நான் கேட்கவில்லை. அவருக்குரிய பிரதி இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். ஊகத்தை உறுதிபோல் எழுதிவிட்டால் அடுத்தவர் தேடமாட்டார். புகையிரத நிலையப் படத்தின் பின்புறத்தில் சென்ற ஆண்டு நான் எழுதியது இவ்வளவுதான்: ‘அம்மம்மா, யாழ்ப்பாணப் புகையிரத நிலையம். 1990இல் ரயில் நிற்பதற்கு முந்திய காலம். பெட்டி அம்மம்மாவின் சீதனப் பெட்டி என்று அம்மா சொல்கிறார். சிறுவன்: பெயர் தெரியவில்லை. பெரியம்மாவின் நினைவில் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை.’ அதன் கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.