மழை வந்தால் அணைந்துபோகும் ஃபோர்க்லிஃப்ட் விளக்கு

மணலியில் ஒரு கெமிக்கல் ஆலையில் வண்டிப் பராமரிப்பு என் வேலை. எளிதில் தீப்பிடிக்கும் டொலுயீன் கரைப்பான் டிரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்டின் தலையில் இருக்கிற எஃப்எல்பி (உள்ளே தீப்பிடித்தாலும் வெளியே விடாத கூடு கொண்ட) விளக்கு மழை பெய்தாலே அணைந்துவிடும், அப்புறம் குலுக்கலில் தானாக எரியும். எல்இடி போய்விட்டது, புதுசு வாங்கலாம் என்றார்கள்.

வண்டியை எரியும் ஆவி இருக்கக்கூடிய ஆபத்துப் பகுதிக்கு வெளியே கொண்டுவந்து, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் ஐசோலேட்டரை அணைத்த பிறகுதான் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர், டெர்மினல் முழுக்கப் பச்சைக் களிம்பு. கேபிள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடித்து அடைக்கும் பித்தளை கிளாண்டை எடுத்துவிட்டு யாரோ சாதாரண பிளாஸ்டிக் கிளாண்டை மாட்டியிருந்தார்கள். கோபம்தான் வந்தது. உள்ளே புகுந்த ஆவி பொறிபட்டு வெடித்தாலும் தீ வெளியே பரவாமல் அடக்கத்தான் அவ்வளவு கனமான கூடு, அந்த ஒரு கிளாண்டால் அது வெறும் டப்பாவாகிவிட்டது.

சான்று பெற்ற டபுள் கம்ப்ரஷன் (கேபிளை இரண்டு இடத்தில் இறுக்கும்) கிளாண்டும், விளக்குத் தயாரிப்பாளரின் அதே டெர்மினலும் வரவழைத்துப் போட்டேன். மூடி உட்காரும் முகத்தைத் துணியால் மட்டும் துடைக்கணும். எமரி தாள் போட்டுத் தேய்த்தால் மூடிக்கும் கூட்டுக்கும் நடுவே இடைவெளி கூடிவிடும், சிலிகான் சீலன்ட் பூசவே கூடாது, இறுகாத கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும். போல்ட் ஒன்றுகூட விடாமல் முடுக்கினேன். அடுத்த வாரமே நல்ல மழை, விளக்கு அணையவில்லை. மற்ற இரண்டு வண்டிகளின் கிளாண்டையும் அன்றே கழற்றிப் பார்த்தேன்.